காலிக் கட்டம்

முறம்னு ஒரு சாஃப்ட்வேர். கணக்கெடுப்பு விவரத்தை அதுல கொட்டினா, அலசி, சராசரி பாத்து, படம் போட்டுக் குடுக்கும். கம்பெனி பெருசா இருக்கும்னு நெனச்சுடாதீங்க. திருவண்ணாமலை செங்கம் ரோட்ல, வெள்ளைக்காரங்க யோகா பண்ற வீட்டு மாடியில ஒரே ரூம், ரெண்டு மேஜை. ஒண்ணுல புகழேந்தி. இன்னொண்ணுல மூணு வருஷமா யாருமில்ல. ஆனா தெனம் துடைச்சு வெப்பான்.

அது இளவரசனோட மேஜை. ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சவங்க. 2013ல ஒண்ணா ஆரம்பிச்சதுதான் முறம். முதல் வெர்ஷனைச் சோதிச்சுப் பாக்கக் கையில ஒரு விவரமும் இல்ல. "பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுத்துறோமே, அதுக்கு ஆகுற நேரத்தைப் போடுடா"ன்னான் இளவரசன். தேதி, புகழேந்தி, இளவரசன்னு மூணு வரிசை. அந்த ஃபைலே மாதிரிக்குன்னு சாஃப்ட்வேரோட ஊர் ஊராப் போச்சு. எங்கெங்கயோ இருக்கிற காலேஜ் பசங்க இவங்க நடந்த நேரத்தை வெச்சுத்தான் சராசரி போடக் கத்துக்கிட்டாங்க.

ஏழாவது வெர்ஷன்ல வந்துது சண்டை. விவரம் எடுக்கிறப்போ சில கட்டம் காலியா நின்னுடும். ஆள் வீட்ல இருந்திருக்க மாட்டாங்க, கேக்க மறந்திருப்பாங்க. அங்கெல்லாம் சாஃப்ட்வேரே சராசரியைப் போட்டு நிரப்பிடட்டும்னான் இளவரசன்.

"வாங்குறவங்க கேக்குறாங்கடா. போட்டுக் குடுத்துட்டுப் போயேன்."

"வராதவனை வந்தான்னு எழுதச் சொல்றியா?"

"காலியா கெடந்தா பாக்க நல்லாவா இருக்கு?"

"பொய்தான் நல்லா இருக்குன்னா போய் அதையே வித்துக்கோ. எனக்கு நீ வேணாம்."

வாய் இருக்கே வாய்! சாஃப்ட்வேரைப் பத்திப் பேசினவன் ஆளையே வேணாம்னுட்டான். இளவரசன் லேப்டாப்பை மூடினான், செருப்பை மாட்டினான், போயிட்டான். வேங்கிக்கால்ல ஒரு ஆபீஸ்ல வேலைக்குச் சேந்ததாப் பின்னாடி காதுல விழுந்துது. ஆட்டோ ஏறினா அரை மணி நேரம்கூட ஆகாது. இவனும் போகல, அவனும் வரல.

அதுக்கப்புறம் புகழேந்தி தனியாத்தான் சுத்தினான். லட்சம் பேர் நடக்குற ரோட்ல பேச ஒரு ஆளில்லாம நடக்கிறது என்ன கொடுமைன்னு அவனைக் கேட்டா தெரியும். வந்து தன்னோட நேரத்தை எழுதுவான். பக்கத்துக் கட்டம் காலி. முப்பத்தெட்டு பௌர்ணமி, முப்பத்தெட்டு காலி.

போன மாசம் சைலஜா மேடம் ஃபோன் பண்ணாங்க. சென்னையில சர்வே எடுக்கிற கம்பெனி அவங்களோடது. முறத்துக்கு மிச்சமிருந்த ஒரே பெரிய வாடிக்கை.

"காலிக் கட்டத்துல சராசரி தானா விழணும் சார். இல்லன்னா நாங்க வேற பாத்துக்குறோம்."

என்ன பண்ணுவான்? அவங்களும் போயிட்டா முறம் அவ்வளவுதான். பத்து நாள் உக்காந்து எழுதினான். மாதிரி ஃபைலைத் தெறந்து பட்டனைத் தட்டினான். இளவரசன் வரிசை சரசரன்னு நிரம்பிடுச்சு. முப்பத்தெட்டுலயும் மூணு மணி அம்பத்திரண்டு நிமிஷம். அதுக்கும் முன்னாடி, கொரோனாவுல தடை போட்டு ரோட்டை அடைச்சிருந்த மாசத்துலகூட ரெண்டு பேரும் சுத்தி வந்துட்டாங்களாம்!

சொல்லவே வெக்கமா இருக்கு, முதல்ல அவனுக்கு சந்தோஷம்தான் வந்துது. கூடவே நடந்திருக்கானேன்னு. அப்புறம் சீன்னு ஆயிடுச்சு. இருந்தாலும் சோதிச்சுப் பாக்குறவங்க பத்துப் பன்னெண்டு பேருக்கு அனுப்பினான். அந்த லிஸ்ட்ல இளவரசன் பேரும் இருந்துது. மூணு வருஷமா அதை எடுக்க மனசு வரல.

ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துது. கூடவே அதே ஃபைல். சராசரியெல்லாம் அழிச்சிட்டு, அவன் கையால வேற எண் போட்டிருந்தான். கீழ நாலு வரி:

"டேய், நான் நடக்கலன்னு யார் சொன்னா? ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நடந்தேன். நீ கெளம்பி ஒரு மணி நேரம் கழிச்சு. மூணு மாசம் மட்டும் காலி. கால் எலும்பு ஒடைஞ்சு படுத்துட்டேன். அதுல சராசரி போட்டுடாத."

புகழேந்தி எண்ணைப் பாத்தான். பன்னெண்டு வருஷமா எண்ணைப் படிக்கிறதுதானே அவன் பொழப்பு. கால் ஒடையறதுக்கு முன்னாடி மூணு அம்பது, நாலு மணி. மூணு காலிக்கு அப்புறம் ஆறு நாப்பது, ஆறு முப்பத்தஞ்சு, ஆறு நாப்பத்தஞ்சு. அவன் இப்போ நொண்டுறான். கால் ஒடைஞ்சு படுத்திருந்திருக்கான், இங்க இருக்கிற வேங்கிக்கால்ல. இவன் என்னடான்னா காலி மேஜையைத் துடைச்சிட்டு இருந்திருக்கான். வாய்விட்டு அழுதான்.

அழுது முடிச்சு, சராசரி போட எழுதினதையெல்லாம் எடுத்துட்டு, சைலஜாவுக்கு ஃபோன் போட்டான்.

"காலி காலியாத்தான் மேடம் இருக்கும். ஏன் காலின்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா, பக்கத்துல எழுதி வெக்க இடம் பண்ணித் தரேன்."

"அப்போ சரி சார்"னு வெச்சுட்டாங்க. திரும்பக் கூப்பிடவே இல்ல.

அடுத்த பௌர்ணமி மத்தியானம், முன்னாடியெல்லாம் ரெண்டு பேரும் கெளம்புற டீக்கடையில புகழேந்தி உக்காந்திருந்தான். மூணு டீ ஆச்சு. ஒரு மணி நேரம் தள்ளி, கூட்டத்துல ஒரு கைத்தடி தெரிஞ்சுது.

இளவரசன் இவனைப் பாத்து நின்னான். "நீ போயிருப்பேன்னு நெனச்சேன்."

"சொல்லி அனுப்பியிருக்கலாம்ல, கால் ஒடைஞ்சுதுன்னு?"

"வேணாம்னு சொன்னவன்கிட்டயா?"

"நான் சொன்னது தப்புடா"ன்னான் புகழேந்தி.

"வேகமா நடந்தா என்னால முடியாது" அப்படின்னான் இளவரசன்.

ஒன்பதாவது வெர்ஷன் இப்போ வந்திருக்கு. வாங்க ஆள் கம்மிதான். மாதிரி ஃபைலைத் தெறந்து கடைசி வரியைப் பாருங்க. புகழேந்தி, ஆறு மணி நாப்பத்திரண்டு நிமிஷம். இளவரசன், ஆறு மணி நாப்பத்திரண்டு நிமிஷம்.