கீழ்ப்பாதையின் நேரம்

சௌநீ முனையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் அங்கே எப்படி நடக்க வேண்டும், எந்த வளைவில் குனிய வேண்டும், எந்த மரத்தடியில் தண்ணீர் குடிக்கலாம் என்றெல்லாம் ஒரு தாளில் எழுதி, முந்நூறு பிரதி அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தவள் நான்தான். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மார்ச் மாதம் வரை என் வாய்க்கொழுப்புக்கு அளவே இருந்ததில்லை.

பர்மாவின் யங்கோனில், தாமுவே சந்தைக்குப் பக்கத்தில் மரியஜோசப் சாரின் சுற்றுலா அலுவலகத்தில் எனக்கு வேலை. இரண்டு மேசை, ஒரு காற்றாடி, ஒரே ஒரு தொலைபேசி. பஸ் டிக்கெட்டும் விற்போம். தெற்குக் கடற்கரையின் சௌநீ முனையில் புதிதாகத் திறந்திருந்த வனப்பூங்காவுக்கு ஆட்களைக் கூட்டிப்போய் நடக்கவைத்துக் கூட்டிவரும் வழிகாட்டி என் தம்பி மாஹிர். வாப்பாவும் உம்மாவும் போனபிறகு எனக்கு அவன், அவனுக்கு நான். வேறு ஆள் கிடையாது.

அந்தப் பூங்காவில் மூன்று நடைபாதைகள். பாறைச் சுவரின் உச்சியோடு போவது மேல்பாதை. உள்ளே மூங்கில் காட்டுக்குள் சுற்றிவருவது காட்டுப்பாதை. மூன்றாவது கீழ்ப்பாதை. அதைப் பார்க்கத்தான் எல்லாரும் வருவார்கள். ஒரு பக்கம் நூறடி உயரச் சிவப்புப் பாறை, மறுபக்கம் கடல், நடுவில் இரண்டு மைல் மணல். கடல் வற்றியிருக்கும்போதுதான் அந்தப் பாதையே இருக்கும். நடுவழியில் தண்ணீர் ஏறிவிட்டால் மேலே ஏறித் தப்ப இடம் கிடையாது. அதனால்தான் எந்தத் தேதியில் எத்தனை மணிக்குக் கடல் வற்றும் என்பதைத் தாளில் போட வேண்டியிருந்தது.

நான் யங்கோனுக்கு எதிர்க்கரையிலுள்ள டாலாவில் பிறந்தவள். ஆற்றைக் கடந்துதான் எங்களுக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாணத் துணி எல்லாம். தண்ணீர் வற்றினால் படகுத்துறையில் பலகை செங்குத்தாக நிற்கும். உம்மா சந்தைக்குப் போவதே அதைப் பார்த்துத்தான். தண்ணீர் ஏறி இறங்கும் நேரம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற திமிர். படகுத்துறையில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்து மூன்று மாதத்துக்கான நேரத்தை அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன்.

மாஹிருக்கு அப்போதே ஏதோ உறுத்தியிருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின நாள், சோறு தின்றுகொண்டே மெதுவாகக் கேட்டான்.

"ராத்தா, அங்க போனதும் ஊர்க்காரங்ககிட்ட நேரத்த ஒரு தடவ கேட்டுக்கட்டுமா?"

"நான் எழுதினதுக்கு மேல ஊர்க்காரன்கிட்ட என்ன கேக்கப் போற? நான் தண்ணி பாக்காதவளா? கூட வர்றவங்க முன்னாடி என் மானத்த வாங்கிராத."

"சரி ராத்தா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவனுக்கு இருபத்தெட்டு வயது. என்னிடம் சத்தியம் செய்துவிட்டால் மீறமாட்டான். அதுவும் எனக்கு ஒரு பெருமை.

அவன் போன இரண்டாம் நாள், காலை பதினொன்றே கால் மணிக்கு, ஷம்சுதீன் என்கிற கருவாட்டு வியாபாரி பஸ் டிக்கெட் வாங்க வந்தார். இருபது வருஷமாக அந்தக் கடற்கரையில் மீன் எடுப்பவர். வெயில் தாங்காமல் மேசைமேலிருந்த என் தாளை எடுத்து விசிறிக்கொண்டார். பிறகு விசிறுவதை நிறுத்திவிட்டுப் படித்தார்.

"இது யாரு போட்ட நேரம், தங்கச்சி?"

"நான்தான். ஏன் பாய், எழுத்து புரியலையா?"

"எழுத்து நல்லாத்தான் இருக்கு. தண்ணிதான் தப்பா இருக்கு. இது இங்க ஆத்துல வத்துற நேரம். அங்க கடல்ல மூணு மணி நேரம் முந்தியே வத்திரும். கடல் ஆத்துக்குள்ள ஏறி நம்ம ஊருக்கு வந்து சேர நேரம் ஆகும்ல?"

அவர் விரலை வைத்து அன்றைய தேதியைக் காட்டினார்.

"இன்னிக்கு ஒன்றரைக்கு வத்தும், பன்னெண்டரைக்கே எறங்கலாம்னு போட்டிருக்க. அங்க பத்தரைக்கே வத்தி முடிஞ்சிருச்சு. இப்ப ஏறிக்கிட்டு இருக்கும். பன்னெண்டரைக்குப் போய்ப் பார்த்தா மணல் தெரியும், நம்பி எறங்கிருவாங்க. நடுவுல போகும்போது மூடிரும்."

மாஹிர் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு இன்றைக்குத்தான் கீழ்ப்பாதையில் இறங்குகிறான். நான் சொன்ன நேரத்துக்கு. சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறேன்.

தொலைபேசியை எடுத்தேன். யங்கோனிலிருந்து பூங்காவுக்குப் பக்கத்து ஊருக்கு டிரங்க் கால் பதிவு செய்ய வேண்டும். அந்த ஊரிலிருந்து பூங்காவின் காவல் அலுவலகத்துக்கு ஒற்றை லைன். இணைப்புக் கொடுக்கும் பெண் பர்மியில் நிதானமாக, "காத்திருங்க அக்கா" என்றாள். உயிர் போகிற விஷயம் என்றேன். "எல்லாருக்கும் அப்படித்தான் அக்கா" என்றாள். அவள் வாயில் மண் விழ என்று தமிழில் திட்டினேன். அவளுக்குப் புரியாதது என் அதிர்ஷ்டம்.

பதினொன்று ஐம்பது. பன்னிரண்டு பத்து. ஒருமுறை லைன் வந்து, பக்கத்து ஊரில் யாரோ "ஹலோ" என்றதோடு செத்துப்போனது. மறுபடி பதிவு செய்தேன். மரியஜோசப் சார் தன் மேசையில் ஜெபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் எனக்கும்தான் வேறு என்ன வழி? யாசீன் ஓதத் தொடங்கி, அது சாகக் கிடப்பவர் பக்கத்தில் ஓதுவதாயிற்றே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தினேன். ஷம்சுதீன் பாய் தன் பஸ்ஸை விட்டுவிட்டு வாசலிலேயே நின்றார். போகச் சொன்னால் போகவில்லை.

பன்னிரண்டரை ஆனபோது நான் மேசையில் தலையை முட்டிக்கொண்டேன். கத்தினேன் என்று சார் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை. அவன் முதல் காலடியை மணலில் வைப்பது மட்டும்தான் கண்ணில் நின்றது.

ஒன்று பத்துக்கு மணி அடித்தது. காவல் அலுவலகக் குமாஸ்தா.

"வழிகாட்டி மாஹிரா? இங்கதான் உக்காந்திருக்கார். கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு."

அவன் குரல் வந்தது. "ராத்தா, கோவிச்சுக்காத."

"டேய், நீ எறங்கலையா?"

"உன் பேச்சைக் கேக்கல ராத்தா. காலையில சிப்பி பொறுக்குற பொம்பளைங்க மணல்லேர்ந்து கரையேறுறத எதேச்சையா பார்த்தேன். தண்ணி ஏறிக்கிட்டு இருந்துச்சு. கால் சுளுக்கிருச்சு, இன்னிக்கு நடை கெடையாதுன்னு நம்ம ஆளுங்ககிட்ட சொல்லிட்டேன். உன் நேரம் தப்புன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

நான் அழுத அழுகையில் ஷம்சுதீன் பாய், "மவுத்தா, போயிட்டானா?" என்று பதறிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். என் பேச்சைக் கேட்காத தம்பியை அல்லாஹ் எனக்குக் கொடுத்தானே என்று இருந்தது.

"ஆனா ராத்தா," என்றான். குரல் மாறியிருந்தது. "யங்கோன் காலேஜ் புள்ளைங்க ரெண்டு பேரு, ஒரு பையனும் ஒரு பொண்ணும். நம்ம கூட்டம் இல்ல, தனியா வந்தவங்க. நம்ம தாளைக் கையில வச்சுக்கிட்டுப் பன்னெண்டரைக்கே கீழ எறங்கிட்டாங்களாம். இப்பத்தான் தெரிஞ்சுது. ஊர்ல ஆம்பளைங்க எல்லாம் கடலுக்குப் போயிட்டாங்க. பொம்பளைங்க படகுக் கயிறு எடுத்துட்டு வர்றாங்க. மேல்பாதையில ஓடிப்போய், மேலேர்ந்து கயித்துல எறங்கித்தான் தூக்கணும். நான் போறேன்."

இரண்டு மணி நேரமாக நான் யாருக்காக அடித்துக்கொண்டேனோ, அவன் உயிரோடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். மறுபடி அவனைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"போகாத" என்றேன். "அவங்க யாரோ. நீ போகாத, மாஹிர். வேற யாராவது போவாங்க. என்மேல ஆணை."

அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"நம்ம தாளு ராத்தா" என்றான். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டான்.

அதன்பிறகு லைன் கிடைக்கவே இல்லை. சார் கொண்டுவந்து வைத்த தேநீர் ஆடை படிந்து கிடந்தது. காலையில் என்னிடம் ஒரே பயம்தான் இருந்தது. இப்போது மூன்று உயிருக்காகப் பயப்பட வேண்டியிருந்தது. அதில் இரண்டு பேர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் தாய் இந்நேரம் யங்கோனில் எங்காவது துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள். நான் "அவங்க யாரோ" என்றது அவள் காதில் விழுந்திருந்தால் என்ன செய்வாள் என்று நினைத்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

நாலே முக்காலுக்குக் குமாஸ்தா கூப்பிட்டார். மூன்று பேரும் மேலே வந்துவிட்டார்கள். பாறையில் ஒரு விளிம்பில் ஏறி, இடுப்புவரை தண்ணீரில் நின்றிருந்தார்களாம் அந்தப் பிள்ளைகள். பெண்ணுக்குக் கை உடைந்திருக்கிறது. பொம்பளைகள் பதினொரு பேர் மேலே கயிற்றைப் பிடிக்க, மாஹிர் இரண்டு முறை இறங்கி ஏறினான். இரண்டாம் முறை அலை அவனைப் பாறையில் அடித்திருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் நானே தெருத்தெருவாக அலைந்து தாள்களைத் திரும்ப வாங்கினேன். விடுதிகளில், பஸ் நிலையத்தில், டீக்கடைகளில், "நான் தப்பா எழுதிட்டேன், கொடுத்துருங்க" என்று கேட்டு வாங்கினேன். வாழ்நாளில் அத்தனை தடவை நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நாற்பது தாள் கடைசிவரை கிடைக்கவில்லை. பூங்காவாசலில் பெரிய எழுத்தில் சரியான நேரத்தை எழுதி வைக்கச் சொல்லி, ஷம்சுதீன் பாயிடமே கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் நாள் மாஹிர் வீட்டுக்கு வந்தான். உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துத் தோல் உரிந்து, துணி சுற்றியிருந்தது. அவனால் சோற்றைப் பிசைய முடியவில்லை. நான் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஊட்டினேன். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பதை அவன் கவனித்திருக்க வேண்டும்.

"ராத்தா," என்றான், "அன்னிக்கு லைன் கட் ஆயிருச்சு. நீ கடைசியா என்ன சொன்னேன்னு எனக்குக் கேக்கவே இல்ல."

கேட்காமலா "நம்ம தாளு" என்று பதில் சொன்னான்? கால் சுளுக்கு என்று அங்கே ஏழு பேரிடம் எனக்காகச் சொன்ன பொய்யைப் போலவே இங்கே என்னிடமும் ஒன்று சொல்கிறான். தலையாட்டியிருந்தால் போதும், அதோடு முடிந்திருக்கும். என் மானமும் பிழைத்திருக்கும்.

"போகாதன்னு சொன்னேன்" என்றேன். "அவங்க யாரோன்னு சொன்னேன்."

அவன் அடுத்த கவளத்துக்காக வாயைத் திறந்தான்.