புறமுதுகு காட்ட மாட்டோம்

மூன்று வாரம் தூக்கத்தைத் தொலைத்து, குளியலறையில் சோப்பு நுரையோடு நின்று யோசித்து, செயலாளர் அந்த ஒரு வரியைப் பெற்றெடுத்தாள். பிள்ளை பெற்றபோதுகூட இவ்வளவு பாடுபடவில்லை என்று வீட்டில் சொன்னாள். அந்தப் பிள்ளை, அதாவது கல்லூரிக்குப் போகும் மகள், "தெரியுதும்மா" என்றாள்.

வரி இதுதான்: 'புறமுதுகு காட்ட மாட்டோம்.'

சங்கத்துக்குப் பன்னிரண்டு வருஷமாக இருந்த பெயர் 'மகளிர் மாலை நேர உடல்நல வகுப்பு'. ஒரு பள்ளிக்கூடத்தின் மாடிக் கூடத்தில், செவ்வாயும் வெள்ளியும் முப்பது பெண்கள் பாய் விரித்து, மணிக்கட்டைப் பிடித்தால் எப்படி உதறுவது, கழுத்தை நெரித்தால் எங்கே இடிப்பது என்று பழகினார்கள். பெயரைக் கேட்டால் யாரோ வயிற்றை எக்கி மூச்சு விடுகிற இடம் மாதிரி இருக்கும். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை பார்த்த செயலாளருக்கு இது நெடுநாள் உறுத்தல். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெயரை 'கனல் மகளிர் தற்காப்பு அணி' என்று மாற்றினாள். தங்கை வீட்டுக்காரர் விளம்பரப் பலகை செய்கிறவர். இறுக மூடிய ஒரு கையும் அதைச் சுற்றித் தீயுமாக வரைந்து கொடுத்தார். கறுப்பு டி-ஷர்ட்டில் முன்பக்கம் கை, பின்பக்கம் வாசகம்.

வியாழக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவின் பெயரையும் படத்தையும் மாற்றி, வாசகத்தையும் போட்டுவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தாள். முதலில் வந்த செய்தி, கொசு குழுவிலிருந்து வெளியேறினாள் என்பது.

கொசு எட்டு மாதமாக வருகிறவள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. 'தள்ளிப் போ' என்று அடிவயிற்றிலிருந்து கத்தும் பயிற்சியில் அவள் குரல் மட்டும் காதோரம் ரீங்கரிக்கும். பெயரை அவளே வைத்துக்கொண்டு, அவளே சிரிப்பாள்.

"பிடிக்கலைன்னா வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதான" என்று செயலாளர் போனைப் பார்த்துக் கேட்டாள்.

மறுநாள் வகுப்பில் வாயைத் திறந்து சொல்ல ஆள் பஞ்சமில்லை. பயிற்சி தருகிற மாஸ்டர் பகலில் பேருந்து ஓட்டுகிறவள். டி-ஷர்ட்டைக் கை நீட்டித் தூரப்பிடித்துப் பார்த்தாள்.

"யாரு வரைஞ்சது?"

"என் தங்கை வீட்டுக்காரர். ஏன் மாஸ்டர்?"

"கட்டைவிரல் எங்க?"

"உள்ள மடங்கியிருக்கு."

"அதான் கேக்குறேன். இப்படி மூடிக்கிட்டு ஒருத்தனக் குத்தினா அவனுக்கு ஒண்ணும் ஆகாது, நம்ம விரல்தான் ஒடையும். மொத வாரமே சொல்லித் தர்ற விஷயம்மா இது."

வந்திருந்தவர்கள் ஆளுக்கொரு தடவை கையை மூடிப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருடைய கட்டைவிரலும் ஒழுங்காக வெளியே இருந்தது. செயலாளர் தன் கையை நைசாகப் புடவை மடிப்புக்குள் கொண்டுபோனாள்.

அடுத்து கணக்கு டீச்சர் எழுந்தாள். "எனக்கு ஒரு சின்ன சந்தேகம். வாசகம் முதுகுலதான இருக்கு?"

"ஆமா."

"அப்ப எதிராளி அத எப்பப் படிப்பான்?"

செயலாளர் டி-ஷர்ட்டைத் திருப்பிப் பார்த்தாள். "நாம திரும்பி ஓடும்போது" என்று பின்வரிசை உதவிக்கு வந்தது. கூடம் குலுங்கியது.

"ஓடத்தான வேணும்" என்றாள் மாஸ்டர், சிரிக்காமல். "ஓட முடிஞ்சா ஓடு, முடியலைன்னா கத்து, அதுவும் ஆகலைன்னாதான் கை. பன்னண்டு வருஷமா இதத்தான் நான் கத்துக் குடுக்கிறேன். நீங்க என்னடான்னா முதுகு காட்ட மாட்டேங்குறீங்க."

"கறுப்பு என்னைக் குண்டா காட்டுது" என்றாள் இன்னொருத்தி.

"கறுப்புதான் ஒல்லியா காட்டும்."

"அப்படியும் இப்படின்னா நான் எங்கதான் போறது?"

செயலாளருக்குக் காது சிவந்துவிட்டது. "மூணு வாரம் மண்டைய ஒடைச்சிருக்கேன். நல்லா இருக்குன்னு சொல்ல ஒருத்தருக்காவது மனசு வரலையே."

"கோவிச்சுக்காதீங்க" என்றாள் டீச்சர் இரக்கத்தோடு. "எழுத்து நல்லா இருக்கு."

"நிஜமாவா?"

"ம். பெருசா, தெளிவா. கண்ணாடி போடாமயே படிக்க முடியுது."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் செயலாளர் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. திங்கட்கிழமை காலை, வீம்புக்கென்றே, அதே கையும் வாசகமும் போட்ட ஒரு சுவரொட்டியைக் கொண்டுபோய்க் கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டினாள். முதலாளி வெளியூரில் இருந்தார்.

பதினொரு மணிக்கு வாசலில் ஒரு பைக் நின்றது. கொசு இறங்கி உள்ளே வந்தாள். ஓட்டி வந்தவர் வண்டியிலேயே உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். கொசு ஒரு கண்ணாடியை மேஜைமேல் வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரோடது. ஸ்க்ரூ லூசா இருக்கு."

முன்பின் தெரியாதவளிடம் பேசுவது போலிருந்தது. செயலாளருக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, குழுவ விட்டு ஒரு வார்த்தைகூட..."

"எனக்கும் பார்வை மங்கலா இருக்குங்க" என்று கொசு அவசரமாகக் குறுக்கிட்டாள். "பார்த்துடுறீங்களா?"

பரிசோதனை அறை ஒரு அலமாரி அளவுதான். கதவைச் சாத்தி, எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டதும் செயலாளர் ஆரம்பித்தாள். "புடிக்கலைன்னா நேர்ல சொல்லியிருக்கலாம். எல்லாருந்தான் சொன்னாங்க. நீயும் சேர்ந்து..."

"மெதுவாக்கா. கதவு மெல்லிசு."

"இடது கண்ண மூடிட்டுப் படிங்க" என்றாள் செயலாளர் வெளியே கேட்கும்படி.

கொசு முதல் வரியைச் சத்தமாகப் படித்தாள். பிறகு தன் வழக்கமான குரலில் சொன்னாள். "சாயங்காலம் வீட்டுக்கு வந்தா என் போன் அவர் கையிலதான் இருக்கும். உடல்நல வகுப்புன்னு இருந்த வரைக்கும் ஒண்ணும் கேக்கல. இடுப்பு வலிக்குப் போறேன்னு சொல்லியிருந்தேன். அன்னிக்குப் பார்த்தா, தீ எரிய ஒரு கை. யார்கிட்ட முதுகு காட்ட மாட்டேன்னு கேட்டாரு."

"அடிச்சாரா?"

"இல்லக்கா. மெதுவாத்தான் கேட்டாரு. ரொம்ப மெதுவா."

பலகையின் கீழ்வரி எழுத்துகள் செயலாளர் கண்ணுக்கே கலங்கின.

"ஏதோ தெரியாத குழு, தப்பா சேர்த்துட்டாங்கன்னு அவர் முன்னாலயே வெளிய வந்துட்டேன். வெள்ளிக்கிழமை வகுப்புக்கும் வரல. ஆனா விட முடியாதுக்கா. இப்பத்தான் கொஞ்சம் சத்தம் வர ஆரம்பிச்சிருக்கு." அடுத்த வரியைப் படித்துவிட்டுச் சேர்த்தாள். "நான் மட்டும் இல்ல. வீட்டுல இப்படி ஏதாவது சொல்லிட்டு வர்றவங்க இன்னும் நாலஞ்சு பேரு இருக்கோம். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

செயலாளருக்குத் தெரியாது. அந்தத் தூங்குமூஞ்சிப் பெயர் இத்தனை வருஷம் வாசலில் நின்று காவல் காத்திருக்கிறது, அதைத்தான் உறுத்துகிறதென்று இவள் பிடுங்கிப் போட்டிருக்கிறாள்.

வெளியே வந்தபோது கொசுவின் வீட்டுக்காரர் கதவருகில் நின்று சுவரொட்டியைப் படித்துக்கொண்டிருந்தார். நல்ல சலவைச் சட்டை, மரியாதையான முகம்.

"இது உங்க ஆளுங்களா மேடம்?"

இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று மூன்று வாரமாக ஏங்கியவள் செயலாளர். பக்கத்தில் கொசு நின்றிருந்தாள்.

"எந்தப் புண்ணியவதி ஒட்டிட்டுப் போனாளோ சார். காலைல வந்து பார்த்தா இருக்கு. கடைய நாசம் பண்ணிடுறாங்க."

"வாசகமும் சரியில்ல."

"சகிக்கல சார்" என்று சொல்லி, அவள் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். ஒழுங்காக ஒட்டித் தொலைத்திருந்ததால் பாதிதான் வந்தது.

"நகத்தால வராது" என்று அவர் பைக் சாவியை எடுத்துத் தானே சுரண்டத் தொடங்கினார். 'மாட்டோம்' முதலில் உதிர்ந்தது. செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு, கொசுவின் பக்கம் திரும்பினாள்.

"பார்வையில பெரிய கோளாறு இல்ல. கழுத்து இறுகிக் கிடக்கு. ஏதாவது பயிற்சி பண்றீங்களா?"

"பள்ளிக்கூடத்து மாடியில ஒரு வகுப்புக்குப் போயிட்டிருந்தேங்க."

"உடல்நல வகுப்பா? நானும் முட்டி வலிக்கு அங்கதான் போறேன். கையத் தூக்கி இறக்குவாங்க, அவ்வளவுதான். ஆனா நடுவுல நிறுத்தினா வலி இரட்டிப்பாகும்."

கழுத்துக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தால் அவளிடம் பதில் இல்லை. அவர் கேட்கவில்லை. கண்ணாடியில் படிந்த கடைசித் துணுக்கை ஊதிவிட்டு, "போகட்டுமே மேடம். நாளைக்கு நானே அனுப்பி வைக்கிறேன்" என்றார்.

அனுப்பி வைக்கிறாராம். "ரொம்ப நன்றி சார்" என்றாள் செயலாளர்.

பைக் திரும்பியதும் போனை எடுத்தாள். குழுவுக்குப் பழைய பெயரை வைத்தாள். கையையும் வாசகத்தையும் எடுத்துவிட்டு ஒரு மஞ்சள் பூவை வைத்தாள். அரை நிமிஷத்தில் ஆரம்பித்துவிட்டார்கள்.

'பூ எதுக்கு?' என்று டீச்சர். 'நம்ம மேல கோவம் போல' என்று ஒருத்தி. 'ரெண்டு வார்த்தை சொன்னா தாங்க முடியாதா?' என்று இன்னொருத்தி. மாஸ்டர் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பியிருந்தாள்.

விளக்கமாக நாலு வரி தட்டினாள் செயலாளர். இதை எந்தெந்த வீட்டில் யார் யார் கையில் வைத்துப் படிப்பார்களோ என்று தோன்றியதும் ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். பிறகு, 'நாளை வகுப்பு உண்டு. பாய் கொண்டுவரவும்' என்று போட்டுவிட்டு, இனி செயலாளர் மட்டுமே எழுதலாம் என்று குழுவைப் பூட்டினாள். சர்வாதிகாரி என்று தனித்தனியாக எழுதி ஏழு பேர் அனுப்பினார்கள்.

ஏழு செய்தியையும் படித்தாள். கொசுவைத் திரும்பக் குழுவில் சேர்த்தாள்.