வாயை மட்டும் அசைக்கட்டும்

கொழும்பு மேடைகளில் இருபது வருடம் பியானோ வாசித்த பெனடிக்ரா, மன்னாருக்குத் திரும்பிவந்து, தாழ்வுபாட்டுக் கடற்கரைக் கிராமத்தில் கருவாடு போடும் பதினொரு பெண்களைக் கொண்டு பாடற்குழு ஒன்றை அமைத்திருந்தாள். ஏழு மாதப் பயிற்சிக்குப் பிறகு, நகரத்துப் புது மண்டபத்தின் திறப்பு விழாவில் அவர்கள் பாடவிருந்தார்கள்.

மேடையேறும் நேரத்தில் விழாப் பொறுப்பாளர் துஷாந்தன் ஓடிவந்தார். "மிஸ், பாட்டை ரெக்கோர்டிங்கில போடுறம். இவையள் வாயை மட்டும் அசைக்கட்டும். நீங்களும் பியானோவில சும்மா கையை வையுங்கோ. பெரிய ஆக்கள் வந்திருக்கினம், பிழைச்சால் எங்களுக்கு வெட்கம்."

குழுவில் மூத்தவளான அருளம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அதைக் கண்டதும் பெனடிக்ராவுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது.

"மீன் வெட்டின கையோட ஓடிவந்து பழகினவை. அவையின்ர வாயை மூட நீங்கள் ஆர்?"

அவள் கத்தியதில் முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அதற்குள் ஸ்பீக்கரில் யாரோ ஒருத்தியின் குரல் பாடத் தொடங்கியிருந்தது. பெனடிக்ரா நேரே போய் வயரைப் பிடுங்கி எறிந்தாள். பியானோவில் அமர்ந்து, அறைவதுபோல் வாசித்தாள். முதல் வரியில் பெண்களின் குரல் நடுங்கியது. இரண்டாவது வரியில் அருளம்மா நிமிர்ந்து உரத்துப் பாட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பின்வரிசைகள் எழுந்து கைதட்டின.

மறுநாள், முன்பு ஒப்புக்கொண்டபடி குழுவுக்கு வகுப்பு நடத்த அந்த மண்டபத்தில் இடம் தர முடியாது என்று நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. பெனடிக்ரா அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, சின்னக் கீபோர்ட் ஒன்றை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு தாழ்வுபாட்டுக்குப் போனாள். கோபம் மட்டும் வழி முழுவதும் ஆறவேயில்லை.