தமிழ் வாரம்

கல் தூக்கும் கிரேனுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஐம்பத்து நாலாம் வருஷம். தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓடைக்குக் குறுக்கே பாலம் கட்டினார்கள். தூணுக்குத் தூண் வைக்க நீள நீளமாகக் கருங்கல் உத்திரங்கள். அவற்றைத் தூக்கக் காண்டிராக்டர் ஒரு கைக்கிரேன் கொண்டுவந்திருந்தார். மூன்று தேக்குக் கால்கள், உச்சியில் கப்பி, கீழே இரும்பு வடம் சுற்றிய பல்சக்கரம். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒன்றில் பாறசாலைக் கனகதாஸ், அதாவது நான். மற்றதில் நெய்யாற்றின்கரைப் பொன்னப்பன். இரண்டு பேரும் சேர்ந்து சுற்றினால்தான் கல் எழும்பும். சுற்றுவதை நிறுத்தினால் சக்கரப் பல்லில் ஒரு கொக்கி விழுந்து கல் இருந்த இடத்திலேயே நிற்கும்.

ஒரே சக்கரத்தைச் சுற்றினாலும் எங்களுக்கு ஒத்துப்போகாது. தமிழ் பேசும் எங்கள் தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்பது என் கட்சி. திருவனந்தபுரத்தோடு இருக்கட்டும் என்பது அவன் கட்சி. காலையில் கப்பிக்கு எண்ணெய் விடும்போது தொடங்கும் சண்டை, மத்தியானம் என் மரச்சீனிக் கிழங்கும் அவன் மீன்கறியும் ஒரே இலையில் விழும்வரை நடக்கும். அதற்குப் பிறகு ஆளுக்கொரு பீடி.

கல்லுக்குப் பக்கத்தில் நின்று குரல் கொடுப்பவன் சொல்வதுதான் எங்களுக்குச் சட்டம். தூக்க, "வலிக்கு." நிறுத்த, "மதி." கீழே விட, "தாழ்த்து." எல்லாம் மலையாளம். ஆறு மாதம் அதைக் கேட்டுத்தான் சுற்றினேன், ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லைப் போராட்டக் கூட்டத்தில் எங்கள் கமிட்டிச் செயலாளர் ஞானசிகாமணி, "வேலை செய்யுத எடத்திலயும் நம்ம பாஷைதான் கேக்கணும் மக்கா!" என்று கைதட்டல் வாங்கினார். எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. மறுநாள் காலை ஓவர்சியர் சதாசிவனிடம் போய், தமிழில் சொன்னாலொழிய கைப்பிடியைத் தொடமாட்டேன் என்றேன்.

ஓவர்சியர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒரு ஆழ்ச்ச மலையாளம், ஒரு ஆழ்ச்ச தமிழ். எனிக்குப் பாலம் தீரணும், அத்ரேயுள்ளு."

ஆக, ஒரு வாரம் மலையாளம், மறு வாரம் தூக்கு, போதும், இறக்கு. தமிழ் வாரத்தில் மலையாளச் சொல்லுக்குச் சக்கரம் சுற்றக்கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. அது ஓவர்சியர் போட்டதில்லை. நான் போட்டது.

குரல் கொடுப்பவன் சத்தியராஜ். என் தங்கை ரத்னபாயைக் கட்டி மூன்று மாதம் ஆகியிருந்தது. பாளையங்கோட்டைக்காரன். கோவில் பாட்டுக் குழுவில் பாடிப் பழகிய தொண்டை. அவன் ரகசியம் சொன்னாலே ஓடைக்கு அக்கரையில் கேட்கும். வாய்த் துடுக்கும் உண்டு.

"மச்சான், ஒங்க தமிழ்ல முக்காவாசி மலையாளம்லா? கிரேன் பாவம், கொழம்பிப் போகும்" என்று சிரித்தான்.

"நீ ஒஞ் சோலியப் பாருடே மாப்பிளே" என்றேன். அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாகக் கிடந்தது.

முதல் தமிழ் வாரம், முதல் நாள். மலையாள வாரத்தில் ஒரு நாளைக்கு நாலு கல் வைத்திருந்தோம். தமிழ் வாரத்தில் ஐந்து வைத்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு வெறி. கல் தூணைத் தொடும் முன்னால் அதற்கு அடியில் மரக்கட்டை போடுவது வழக்கம். கையோ காலோ மாட்டினாலும் கட்டை தாங்கிக்கொள்ளும். மூன்றாவது கல்லுக்குக் கட்டைகள் அக்கரையில் கிடந்தன. எடுத்துவர ஆள் போக வேண்டும்.

"கட்ட வேண்டாம், நேர எறக்கிருவோம்" என்றேன். பொன்னப்பன் வேண்டாமென்று தலையாட்டினான். நான் கேட்கவில்லை.

"இறக்கு... இறக்கு..." என்றான் சத்தியராஜ். இறக்கினோம். எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் ஜல்லிக் குவியல். அவன் தலை மட்டும்தான் தெரியும்.

திடீரென்று, "வலிக்கு! வலிக்கு!" என்று கத்தினான்.

நான் சுற்றுவதை நிறுத்தினேன். கொக்கி விழுந்தது. தமிழ் வாரத்தில், அதுவும் முதல் நாளில், இவன் மலையாளத்தில் தூக்கச் சொல்கிறான்! என்னைக் கேலி செய்யத்தான் என்று நினைத்தேன். கைப்பிடியை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

"தூக்குண்ணு சொல்லு மாப்பிளே! அப்பத்தான் தூக்குவேன்!"

"அய்யோ வலிக்கு! வலிக்கு மச்சான்!"

"தமிழ்ல சொல்லுடே!"

பொன்னப்பன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு, "எடா துரோகீ!" என்று கத்திக்கொண்டே தன் கைப்பிடியில் உடம்பு முழுவதையும் போட்டுத் தொங்கினான். இரண்டு ஆள் சுற்ற வேண்டிய சக்கரம். அவன் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றியது. கல் நாலு விரல் உயரம் எழும்பியது. அது போதுமாக இருந்தது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது சத்தியராஜ் ஈரச் சுண்ணாம்பில் உட்கார்ந்து வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"தமிழ் வாரத்தில எதுக்குடே மலையாளத்தில கத்துன?"

அவன் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தான். "மலையாளமா? கால் வலிக்குன்னு சொன்னேன் மச்சான்! தமிழ்லதான் கத்துனேன்!"

எங்கள் பக்கத்தில் அடிபட்டால் நோவுது என்போம். வலிப்பது என்றால் எங்களுக்கு இழுப்பது; வடத்தை வலிப்பது, பீடி வலிப்பது. பாளையங்கோட்டைக்காரனுக்குக் கால் வலிக்கும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. சென்னையோடு சேரத் துடித்துக்கொண்டிருந்த எனக்குச் சென்னை ராஜ்யத்துத் தமிழ் மலையாளமாகக் கேட்டிருக்கிறது.

கம்பவுண்டர் வந்து, விரல்கள் பிழைத்துக்கொள்ளும், ஒரு மாதம் கால் ஊன்றக்கூடாது என்று சொல்லிக் கட்டுப் போட்டார். செய்தி அதற்குள் பஸ் ஏறிப் பாறசாலைக்குப் போய், வழியில் ஆள் மாறிவிட்டது. தமிழன் காலில் பொன்னப்பன் வேண்டுமென்றே கல்லை இறக்கிவிட்டானாம்! மத்தியானம் ஞானசிகாமணி கொடியோடு ஐம்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ரத்னபாயும் ஓடிவந்தாள். "எவம்லே அவன்? வெளிய வரச் சொல்லு!" என்று கூட்டம் கத்தியது. சிலர் கையில் கம்பு இருந்தது.

பொன்னப்பன் கிரேன் காலோடு ஒட்டி நின்றான். நடந்ததைச் சொல்ல அவனுக்கு வாயில்லையா? சொன்னாலும் யார் நம்புவார்கள்? என்னைத்தான் பார்த்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அன்றைக்கு அவன் எலும்பு தப்பாது. எனக்கோ மாலை போடுவார்கள். அதை நினைத்தபோது என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

உத்திரக் கல்லின்மேல் ஏறி நின்றேன்.

"கட்ட வேண்டாம்ணு சொன்னது நானாக்கும். அவன் வலிக்குண்ணு அலறும்ப கையக் கெட்டிட்டு நிண்ணதும் நானாக்கும். கல்லத் தூக்குனது பொன்னப்பன். அடிக்கணும்ணா என்ன அடியுங்க."

மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த சத்தியராஜுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "தமிழ்ல சொல்லுடேன்னாரு!" என்று தொண்டை கிழியச் சிரித்தான். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான், அப்புறம் எல்லோரும். ஞானசிகாமணி கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எலே கனகதாசு, நீ இனி பிரசங்கத்துக்கு வராண்டாம்" என்றார்.

ஓவர்சியர் அங்கேயே புது விதி போட்டார். இனிமேல் வாய்ச்சொல்லே கிடையாது, கை அசைவுதான். கட்டை இல்லாமல் கல் இறங்கக்கூடாது. யார் எந்தப் பாஷையில் அலறினாலும் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும், கேள்வியெல்லாம் பிறகு. நிறுத்துவதற்கு வலது கையா இடது கையா என்று நானும் பொன்னப்பனும் உடனே சண்டை தொடங்கினோம். இரண்டு கையும் என்று ஓவர்சியர் தீர்த்துவைத்தார்.

கூட்டம் போன பிறகு ரத்னபாய் என் பக்கத்தில் வந்தாள். அழுவாள், திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"அண்ணா, அவரு வலிக்குண்ணு கத்துனப்ப ஒனக்கு என்னண்ணு கேட்டுது?"

"மலையாளத்தில தூக்கச் சொல்லுதான்ணு கேட்டுது."

"பொன்னப்பண்ணனுக்கு?"

"அவனுக்கும் அப்பிடித்தான் கேட்டுது."

"பின்ன?"

"அவன் தூக்குனான்" என்றேன்.