பேரையூர் ரிப்பீட்டர்

“அத்தா, நடுவுல மலை நின்னா பேச்சு எப்படி அந்தப் பக்கம் போகும்?”

ஆறு வயதில் ஆசிப் கேட்ட கேள்வி இது. வயர்லெஸ் பழுது பார்க்கும் ஜலால், மகன் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “உசரத்துல ஒரு பெட்டி இருக்கும்டா. இந்தப் பக்கம் சொல்றத வாங்கி அந்தப் பக்கம் சொல்லிரும். அதுக்குப் பேரு ரிப்பீட்டர்.”

இன்று அந்த ஜலாலை வெள்ளைத் துணியில் சுற்றிச் சந்தாக்குப் பெட்டியில் வைத்திருந்தார்கள். முந்தின நாள் மாலை கடையைப் பூட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை. பள்ளிவாசல் முற்றத்தில் ஜனாஸா தொழுகைக்கு வரிசை நின்றது. வழக்கப்படி மகன் முன்னால் வந்தான்.

“எங்க அத்தா யாருக்காச்சும் எதுவும் தர வேண்டியிருந்தா என்கிட்ட கேளுங்க. யாரு மனசையும் நோகடிச்சிருந்தா மன்னிச்சிருங்க.”

பெரும்பாலும் இதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. கேட்டுவிட்டோம் என்ற நிம்மதியோடு மகன் வரிசைக்குத் திரும்புவான். ஆனால் முற்றத்து வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற ஒருவர் கையைத் தூக்கினார்.

“எனக்கு ஒன்னு செஞ்சு தரணும் தம்பி. அடக்கம் முடியட்டும்.”

கபர்க் குழிக்கு மண் தள்ளும்போதும் ஆசிப்பின் கண் அந்த ஆள் மேலேயே இருந்தது. கடன் தீரும் வரை இறந்தவரின் உயிர் அதிலேயே தொங்கிக்கொண்டிருக்கும் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் அவன். அத்தாவை அப்படி ஒரு நாள்கூட விட்டுவைக்க அவனுக்கு மனமில்லை. அதற்காக எவனோ வந்து கேட்பதையெல்லாம் கொடுக்கவும் மனமில்லை.

“ஊரே கூடியிருக்கிற எடத்துல கையத் தூக்குறான் பாரு,” என்றார் அத்தாவின் தம்பி, சின்னத்தா தவ்பீக். “நாம இல்லைன்னு சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சுதான் வந்திருக்கான். நீ வாயக் குடுத்துராத.”

அடக்கம் முடிந்து திரும்பியபோது, வீட்டோடு ஒட்டியிருந்த கடையின் வாசலில் ஒரு பழைய ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. அந்த ஆள் அதன் அருகில் காத்திருந்தார்.

“பேரு சின்னக்கருப்பன். பேரையூர்ல ஆம்புலன்ஸ் ஓட்டுறேன். எங்க ரிப்பீட்டர் உள்ள இருக்கு. மேசைக்கு அடியில, நீலத் துண்டு போட்டு மூடியிருக்கும்.”

ஆசிப் கடையைத் திறந்து குனிந்து பார்த்தான். இருந்தது.

“கடைய நல்லா நோட்டம் விட்டுருக்கீக,” என்றார் தவ்பீக்.

“அத்தாவ எப்படித் தெரியும்?” என்று ஆசிப் கேட்டான்.

“தெரியும் தம்பி.”

“அதான், எப்படி?”

சின்னக்கருப்பன் தெருவைப் பார்த்தார். “தெரியும். போன மாசங்கூட வந்தாரு.”

போன மாதம் அத்தா போனது வாடிப்பட்டிக்கு. அப்படித்தான் வீட்டில் சொன்னார். ஒவ்வொரு மாதமும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். வாடிப்பட்டி ஒரு திசை, பேரையூர் வேறு திசை. வீட்டுக்குள் இருக்கும் அம்மாவுக்குக் கேட்காதபடி ஆசிப் குரலை இறக்கினான்.

“அங்க அவருக்கு யாரு இருக்கா?”

சின்னக்கருப்பனின் முகம் மாறியது. “அப்படி நெனச்சிராதீக. சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். ரெண்டு வருசம் முந்தி எங்க பஸ் ஸ்டாண்டுல நெஞ்சப் பிடிச்சு உக்காந்துட்டாரு. சட்டையக் கிழிச்சு, தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில சேத்தேன். வீட்டுக்குத் திரும்பினது என் காக்கிச் சட்டையிலதான். மாசா மாசம் அங்கதான் டாக்டரப் பாக்க வருவாரு. வீட்டுக்குத் தெரிஞ்சா கடைய மூடச் சொல்லிருவாகன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினாரு.”

“இப்ப என்ன கேக்குறீக?”

“அவரு குடுத்த எதையும் நான் வாங்கல. அப்பன்னா ஒங்க ரிப்பீட்டருக்கு வெளிய ஒரு கன்ட்ரோலர் மாட்டித் தாரேன்னாரு. மலையடியில செல்போன் எடுக்காது தம்பி. எவனாச்சும் மைக்க அமுக்குனபடி சீட்டுல போட்டுட்டா, ரிப்பீட்டர் அதையே பிடிச்சுக்கிட்டு நிக்கும். அடுத்த வண்டி கூப்பிட்டாக் கேக்காது. கன்ட்ரோலர் இருந்தா அதுவே அறுத்து விட்டுருமாம்.”

“கதை நல்லாத்தான் இருக்கு,” என்றார் தவ்பீக். “சாட்சி சொல்ல வேண்டியவரு மண்ணுக்குள்ள போயிட்டாரு.”

“கேட்டீக, சொன்னேன். வேலை ஆகாட்டிப் போகுது. பெட்டிய மட்டும் குடுங்க. நான் வண்டியில இருக்கேன்.”

காக்கிச் சட்டையோடு அத்தா வந்து இறங்கிய மாலை ஆசிப்புக்கு நினைவிருந்தது. சட்டையில் கிரீஸ் கொட்டிவிட்டது என்றார். அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

சின்னத்தாவை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு அவன் கடைக் கதவைச் சாத்தினான்.

கன்ட்ரோலர் பெட்டி தயாராக இருந்தது. ஒலி வருகிற வயர், ஒலி போகிற வயர், எர்த் மூன்றையும் அத்தா பற்றவைத்து முடித்திருந்தார். மிச்சம் இரண்டு. சிக்னல் வந்துவிட்டது என்று சொல்கிற வயர் ஒன்று, ஒலிபரப்பு என்று உத்தரவு கொடுக்கிற வயர் ஒன்று. ஆசிப் செல்போன் பழுது பார்ப்பவன்; சால்டரிங் கை பழகியதுதான். இரண்டையும் இணைத்தான். ரிப்பீட்டர் தானாக முடிவெடுப்பதை நிறுத்தி, வெளிப்பெட்டி சொல்வதைக் கேட்கும்படி மாற்றினான். சுவிட்சைப் போட்டான்.

யாரும் பேசாதபோது ஒலிபரப்பும் சிவப்பு விளக்கு எரிந்தது. வாக்கி டாக்கியை அமுக்கினால் அணைந்தது.

மீட்டரை வைத்து அளந்து பார்த்தான். சிக்னல் வயரின் கணக்கு தலைகீழாக இருந்தது. வோல்ட் ஏறினால் ஆள் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்கிறது கன்ட்ரோலர். இந்த ரிப்பீட்டரோ ஆள் பேசும்போது வோல்ட்டை இறக்குகிறது. கன்ட்ரோலருக்கு உள்ளே, ஜம்பர் என்கிற குட்டி இணைப்பு ஒன்றைப் பிடுங்கி மறுபக்கம் செருகினான். இப்போது அமுக்கினால் எரிந்தது, விட்டால் அணைந்தது.

மைக் அமுக்கியபடி கிடந்தால் அறுத்துவிடுகிறதா என்ற கடைசிச் சோதனை பாக்கி. பொத்தானை அமுக்கி விடாமல் பிடித்திருந்தான். விளக்கு வெகுநேரம் எரிந்து, அவன் விரல் அமுக்கியபடி இருக்கும்போதே தானாக அணைந்தது.

வெளியே பிற்பகல் அசர் தொழுகைக்கு முந்தைய வெயில். வீட்டுக்குள் குர்ஆன் ஓதும் சத்தம். தெருவில் ஆளில்லை. சின்னக்கருப்பன் டிரைவர் சீட்டில் முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆசிப் பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்து, இரண்டு பெட்டிகளையும் ஸ்ட்ரெச்சரில் பக்கம் பக்கமாக வைத்தான். நோயாளிக்குப் போடுகிற பெல்ட்டை அவற்றின் குறுக்கே மாட்டி, இறுக்கினான். ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சு அழுந்தாதபடி கொஞ்சம் தளர்த்திவிட்டான்.