பாதி நாள் வீடு

கொப்பரையில் எண்ணெயும் காரமும் சேர்ந்து கொதிக்கும்போது துடுப்பை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் அடி பிடிக்கும், வேகமாகச் சுற்றினால் மேலே தெறிக்கும். காலை வெயில் ஏறத் தொடங்கிய அந்த நேரத்தில் நான் வேகமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். மூக்கில் காரநெடி, கண்ணில் நீர், தோளிலிருந்து முழங்கைவரை கட்டையாய் இறுகிய சதை. இதெல்லாம் சோப்புக் கம்பெனியில் தினமும் உள்ளதுதான். அன்றைக்குக் கூடுதலாக வயிற்றெரிச்சல் இருந்தது.

"என்னடி, யாரை நினைச்சுக்கிட்டு இந்தக் கிண்டு கிண்டறே?" என்றார் என் வீட்டுக்காரர், கம்பியால் சோப்புப் பாளத்தை அறுத்தபடி.

"உங்க வேலையைப் பாருங்க."

"பார்க்கிறேன். சோப்பு பாவம்னுதான் சொன்னேன்."

அவருக்கு எல்லாம் வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை. ஐந்து மணிக்கு மகளுக்குத் தலை வார உட்கார்ந்தபோது, "அம்மா, நீ சும்மா ரிப்பன் மட்டும் கட்டிவிடு. மேல்தட்டு அத்தை வந்து நாலு பிரி பின்னிவிடுவாங்க" என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். கூடப் படிக்கிற பெண் பின்னிவிடுகிறாள் என்று அதுவரை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த எட்டு வயசுக் கள்ளி.

மேல்தட்டு அத்தை யார் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எங்களுக்கு எலி வளையிலும் பாதிதான். எங்கள் ஊரில் வீடு இல்லாமல் இல்லை. கடைவீதிக்குப் பின்சந்தில் வரிசையாக மாடிகள். துணிக்கடைக்காரர் ஒரு மாடி கட்டினால் எதிரே இரும்புக்கடைக்காரருக்குத் தூக்கம் போய்விடும், அவர் ஒன்றரை மாடி கட்டுவார். கட்டியதில் எல்லாம் சாக்கு மூட்டைகளை அடுக்கினார்கள். மூட்டை வாடகை தரும், இருமாது, துணி காயப்போடாது. மிஞ்சிய பத்து அறைகள் எங்கள் முதலாளியுடையவை. வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கம்பெனியில் பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று இருக்கிறதல்லவா, அறையும் அப்படியே. சாயங்காலம் ஆறரை முதல் காலை ஐந்தரை வரை எங்களுக்கு. மற்ற நேரம் இரவு ஷிப்ட் குடும்பத்துக்கு. அறைக்கு ஒரு சாவி, மாடிப்படி அடியில் ஓர் ஆணி.

அந்தக் குடும்பத்தை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. நாங்கள் கம்பெனியின் முன்வாசலில் நுழையும்போது அவர்களைப் பின்வாசலில் சோதனை போட்டு அனுப்பிவிடுவார்கள். ஷிப்ட்டும் ஷிப்ட்டும் பேசினால் வேலை கெடுமாம். அறைச் சுவரில் இரண்டு தட்டு. மேல்தட்டு அவர்களுக்கு, கீழ்த்தட்டு எங்களுக்கு. அதனால் அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பேர் மேல்தட்டுக்காரி.

அவள்மேல் எனக்கு என்ன பொறாமை என்று கேட்காதீர்கள். எதில் இல்லை என்று கேளுங்கள். அவளிடம் கண்ணாடி இருந்தது, சிப்பி ஒட்டிய சட்டம் போட்டது. ஜன்னலுக்குத் திரை தைத்தவள் அவள்தான். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த அறைக்கு இருந்தது ஒரே ஜன்னல், அதில் வரும் வெயில் முழுக்க அவளுக்கு. அவள் துணி மொறமொறவென்று மடித்திருக்கும். என் துணி ராத்திரியெல்லாம் கொடியில் தொங்கிவிட்டு ஈரத்தோடு எழுந்திருக்கும். போதாக்குறைக்கு முதலாளி மாதம் ஒருமுறை காதில் போடுவார்: "அந்தப் பக்கத்து ஆளுங்க முழு ரூமும் தங்களுக்கே வேணும்னு கேக்கறாங்கம்மா. நான்தான் உங்களுக்காகப் பார்க்கிறேன்."

நாங்கள் வேலைக்குக் கிளம்பினால் பள்ளிக்கூடம் திறக்கும்வரை மகள் படியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். மாலையும் அப்படியே. அடுத்தவர் நேரத்தில் அறைக்குள் கால் வைத்தால் அறை போய்விடும் என்பது முதலாளி போட்ட சட்டம். மேல்தட்டுக்காரி அந்தச் சட்டத்தை மீறி என் மகளை உள்ளே கூப்பிட்டு, தலை வாரி, பாடம் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறாள். நன்றி சொல்ல வேண்டிய விஷயம்தான். எனக்கோ என் வெயிலைப் பறித்தவள் என் பிள்ளையையும் பறித்துவிட்டாள் என்றுதான் பட்டது.

இன்னொன்றும் உண்டு. இரவில் என் கொப்பரையில் நிற்பவளும் அவள்தான். நான் விட்ட துடுப்பைத்தான் அவள் பிடிப்பாள். கொப்பரையைச் சாய்க்கும் சங்கிலியில் ஒரு கண்ணி வாய் பிளந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. முதலாளி மாற்றித் தரவில்லை. அதை ஒரு கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். கம்பி இரண்டு மூன்று நாளில் நைந்துபோகும். ஷிப்ட் முடியும்போது, தூணில் தொங்கும் சிலேட்டில், "கட்டுக்கம்பி பார்க்கவும்" என்று எழுதிவிட்டுப் போவேன். காலையில் வந்தால் அதன் கீழே, "கட்டியாச்சு" என்று குண்டு குண்டாக எழுதியிருக்கும். சிலேட்டில் ஒன்றும் இல்லையென்றால் கம்பி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பதினோரு மாதமாக நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அன்று மாலை கடைசிச் சாய்ப்பில் கம்பி பட்டென்று அறுந்தது. கொப்பரை ஒரு குலுங்கு குலுங்கி, பிளந்த கண்ணியில் நின்றது. ஆறு மணி அடித்தது. சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்தேன். நாலு பிரிப் பின்னல் கண் முன்னால் வந்தது. ஒரு நாள் அவளே பார்த்துக் கட்டிக்கொள்ளட்டுமே, எல்லாவற்றுக்கும் நான்தான் ஊழியம் செய்ய வேண்டுமா என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுப் போனேன்.

அறைக்குப் போனதும் மகளின் பின்னலை வெடுக்கென்று அவிழ்த்தேன். "வலிக்குதும்மா" என்றாள். வலிக்கட்டும் என்றுதான் அவிழ்த்தேன்.

மறுநாள் காலை நாங்கள் போனபோது முன்வாசலில் முதலாளியே நின்றிருந்தார். அவர் அந்த நேரத்தில் எழுந்து நாங்கள் பார்த்ததே இல்லை. இரவில் கொப்பரை நழுவிவிட்டதாம். காரம் மேல்தட்டுக்காரியின் வலது கையில், தோள்வரை. ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம்.

முதலாளி எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டார்.

"பாவம், கவனக்குறைவு. சங்கிலி நல்லாத்தான் இருந்திருக்கு. சிலேட்டை நானே பார்த்தேன், நீ ஒண்ணும் எழுதலை. எழுதலைன்னா நல்லா இருக்குன்னுதானே கணக்கு?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அதையே ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுடும்மா. ரூம்ல நீங்க மட்டும்தான் குடியிருந்தீங்கன்னும் சேர்த்து எழுது. சாயங்காலம் அவங்க சாமானை எடுத்துப் படியில வச்சுடு. இனிமே முழு ரூமும் உங்களுக்குத்தான். பகலும் ராத்திரியும்."

பகலும் ராத்திரியும். மகள் படியில் உட்கார வேண்டாம். என் துணி வெயிலில் காயும். மூன்று வருஷமாக நான் கண்ட கனவு, என் தப்புக்கே பரிசாக வந்து நிற்கிறது. மறுத்தால், சிலேட்டில் ஏன் எழுதவில்லை என்று ஊர் முன்னால் நானே சொல்ல வேண்டும்.

"சாயங்காலம் சொல்றேன் முதலாளி" என்றேன்.

பகலெல்லாம் சங்கிலிக்குப் புதுக் கண்ணி பொருத்தினார்கள். பதினோரு மாதம் கிடைக்காத கண்ணி பத்து நிமிஷத்தில் கிடைத்தது. என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு மட்டும் அவர் கேலி பண்ணவில்லை. "ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம். நம்ம ரூமையே ரெண்டாக்கி வச்சுருக்கான் பாரு. சொல்லிடுடி. அவகிட்டயே சொல்லிடு" என்றார்.

சங்கிலி வேலையால் அன்று பகல் ஷிப்ட்டை நாலு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். அறைக்கு வந்து மேல்தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எடுத்து வைக்கவா, விடவா? கண்ணாடியைக் கையில் எடுத்துவிட்டேன் என்பதை ஒளிக்கமாட்டேன். அப்போது படியில் காலடிச் சத்தம். புருஷன் தாங்கிப் பிடிக்க, கையில் பெரிய கட்டோடு ஒருத்தி ஏறி வந்தாள். என்னைவிடச் சின்னவள். ஒடிசலான உடம்பு. அந்தக் குண்டு எழுத்துக்கு நான் வேறு ஆளை நினைத்து வைத்திருந்தேன்.

"அத்தை!" என்று மகள் ஓடினாள். அப்போதும் எனக்குச் சுருக்கென்றது. பொறாமைக்கு நேரம் காலம் தெரியாது.

அவள் என் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். "சாமானை வெளிய வைக்கச் சொன்னாங்களா அக்கா?"

"ஆமா."

"வைங்க. ஆஸ்பத்திரியில இடம் இல்லைன்னு அனுப்பிட்டாங்க. இங்கேயும் இல்லைன்னா படியில உக்காந்துக்கறோம்."

"கம்பி அறுந்தது எனக்குத் தெரியும்" என்றேன். சொல்லி முடித்துவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். "தெரிஞ்சும் எழுதலை. நீ என் பொண்ணுக்குப் பின்னல் போட்டது பொறுக்காம எழுதலை."

அவள் புருஷன் என்னை அடிக்க வந்தார், என் வீட்டுக்காரர் குறுக்கே நின்றார். அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"ஒரு பின்னலுக்கா அக்கா? என் பொண்ணும் இவ வயசுதான். இங்க வீடு கிடைக்கலைன்னு எங்க அம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். அவ தலையைத் தொட்டு ரெண்டு வருஷமாச்சு. அதுக்குத்தான் இவளுக்குப் பின்னினேன்."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்குக் கோபம் வந்தது.

"உங்களுக்கு என்மேல பொறாமையா? நான்தான் உங்களைப் பார்த்து வயிறு எரிஞ்சேன். இருட்டில படுத்துத் தூங்கறீங்க. எனக்குத் தூக்கம்னாலே மூஞ்சியில வெயில். அதை மறைக்கத்தான் அந்தத் திரையே. உங்க ஆளுங்க முழு ரூமும் கேக்கறாங்கன்னு முதலாளி மாசாமாசம் சொல்வாரு."

நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"எங்ககிட்டயும் அதைத்தான் சொல்வாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

மேல்தட்டுக்காரி கேட்டாள். "பதினோரு மாசம் எழுதினீங்களே, அந்தச் சிலேட்டை யார் படிச்சா?"

"நீ படிச்சே. நேத்து முதலாளியும் பார்த்திருக்காரு, நான் ஒண்ணும் எழுதலைன்னு அவரே சொன்னாரு."

"தினம் அவரும்தான் அது பக்கமா நடந்தாரு. நேத்து மட்டும் படிச்சிருக்காரு, அதுல எழுத்தே இல்லாதப்போ. உங்களை நான் மன்னிக்கலை அக்கா. கை ஆறட்டும், சண்டை போட்டுக்கலாம். மொதல்ல அவரைக் கேக்கணும்."

அன்று இரவு ஷிப்ட்டுக்கு மணி அடித்தபோது சந்திலிருந்து யாரும் கிளம்பவில்லை. அவள் புருஷனும் என் வீட்டுக்காரரும் பத்து அறைக்கும் போய்ச் சொல்லியிருந்தார்கள். முதல்முறையாக ஒவ்வோர் அறையிலும் இரண்டு குடும்பம் ஒன்றாக நின்றது. சும்மா நின்றார்களா? "என் சட்டியைக் கரியாக்கினது நீதானா?" என்று மூன்றாவது அறையில் ஒரு சத்தம். "என் பாயைக் குறட்டையாலேயே கிழிச்சது நீங்கதானா?" என்று ஐந்தாவது அறையில் பதில் சத்தம். சண்டை சிரிப்பாக மாற அரைமணி ஆனது. முதலாளி சொன்ன அதே வார்த்தையைப் பத்து அறையும் ஒப்பித்தபோது சிரிப்பும் நின்றது.

காலையில் ஐந்தரைக்கே எல்லோரும் முன்வாசலுக்குப் போனோம். சாமான் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டே போனோம், நாங்கள் திரும்புவதற்குள் அறைகளைப் பூட்டிவிடுவார் என்று தெரியும். கம்பெனிக்குள் கொப்பரை ஆறிக் கிடந்தது. வாசல் படியில் உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரினேன். மேல்தட்டுக்காரி பக்கத்தில் இருந்து வாயால் சொல்லச் சொல்ல, நான் விரலால் பின்னினேன்.

"அக்கா, மூணாவது பிரிக்கு அடியில விடணும். அது சடையா, தாம்புக்கயிறா?"

"வாயை மூடிக்கிட்டுச் சொல்லு."

முதலாளி வந்தார். கூடவே சங்கத்துக்காரர்கள் நாலு பேர், துணிக்கடை, இரும்புக்கடை எல்லாம் பகையை மறந்து ஒன்றாக வந்திருந்தார்கள். கூட்டத்தை விட்டு அவர் என்னை மட்டும் பார்த்தார்.

"காகிதம் எழுதினியாம்மா?"

"எழுதலை முதலாளி. கம்பி அறுந்தது உண்மை. நான் சிலேட்டுல எழுதாம போனதும் உண்மை. அது என் தப்பு. இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். பதினோரு மாசம் எழுதியும் சங்கிலியை மாத்தாதது உங்க தப்பு. இப்போ நீங்க சொல்லுங்க."

அவர் முகம் கறுத்தது. "முழு ரூம் வேணாமா உனக்கு?"

"வேணும். எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. அவ கைக்கு வைத்தியமும் வேணும், ஆறுகிற வரைக்கும் கூலியும் வேணும்."

"ஊர்ல ரூமுக்கு நான் எங்க போவேன்?"

"மூட்டையெல்லாம் எங்க படுத்துத் தூங்குதோ, அங்க போய்ப் பாருங்க" என்றார் என் வீட்டுக்காரர். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். இரும்புக்கடைக்காரர் துணிக்கடைக்காரரின் மாடியைப் பார்த்தார், துணிக்கடைக்காரர் இவருடைய ஒன்றரை மாடியைப் பார்த்தார்.

"நாளைக்கே வேற ஆள் வைப்பேன்" என்றார் முதலாளி.

"வைங்க" என்றாள் மேல்தட்டுக்காரி. "எங்க குடிவைப்பீங்க?"

அவர் சங்கத்துக்காரர்கள் பக்கம் திரும்பினார். அன்று ராத்திரி எங்கே படுப்பது என்று எங்களுக்கும் தெரியாது. 

ஆறு மணி அடித்தது. மூன்று வருஷமாக அந்த மணிக்குப் பாதிப்பேர் உள்ளே ஓடுவோம், பாதிப்பேர் வெளியே ஓடுவார்கள். அன்று யாரும் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் கம்பெனிக் கூரைக்கு மேலே வெயில் ஏறி எங்கள் எல்லோர் முகத்திலும் அடித்தது. மேல்தட்டுக்காரி கண்ணைச் சுருக்கினாள். நான் என் புடவைத் தலைப்பை இழுத்து அவளுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மகள் தன் சடையை முன்னால் போட்டுப் பார்த்தாள். "அத்தை பின்னினதுதாம்மா நல்லா இருக்கும்" என்றாள்.

வயிறு எரிந்தது. தலைப்பை விடவில்லை.