சன்யால் சொன்னதும் புருஷோத்தமன் சொன்னதும்

சன்யால் இங்கிலீஷில் ஒரு வரி சொன்னால் புருஷோத்தமன் தமிழில் ஐந்து வரி சொன்னான். கேன்டீனில் உட்கார்ந்திருந்த நூற்றுச் சொச்சம் பேரும் அதை ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சார், அவரு இம்மாத்தூண்டு பேசுறாரு, உன் வாயில வரும்போது அம்மாம் பெருசா வருது?" என்று பிரஸ் ஷாப் தாவீது முன்வரிசையிலிருந்து கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். புருஷோத்தமனும் சிரித்து வைத்தான்.

பேச்சை இழுக்கச் சொல்லித்தான் அவனை அங்கே நிறுத்தியிருந்தார்கள். எட்டு மணி வரைக்கும் ஓர் ஆள் கேன்டீனை விட்டு வெளியே வரக் கூடாது. மத்தியானம் ஜி.எம். தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, காபி வரவழைத்துக் கொடுத்து இதைச் சொல்லியிருந்தார். 'ஏய் மேன்' என்றே கூப்பிட்டுப் பழகிய மனிதர், அன்றைக்கு 'மிஸ்டர் புருஷோத்தமன்' என்றார். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காபி நன்றாக இருந்தது.

விஷயம் இதுதான். பிரஸ் ஷாப்பிலிருக்கும் டை அத்தனையையும் முதலாளி அன்று சாயங்காலம் ஓசூருக்கு ஏற்றுகிறார். தகட்டை வைத்து அடித்தால் அதற்கு உருவம் கொடுக்கிற அச்சுக்குத்தான் டை என்று பெயர். அது இல்லையென்றால் பிரஸ் மெஷின் வெறும் இரும்பு. டை போனால் கம்பெனி போயிற்று. கேட்டில் நோட்டீஸ் ஒட்டுவதெல்லாம் அப்புறம் செய்கிற சடங்கு. ஆட்கள் பார்க்க ஏற்றினால் லாரிக்கு முன்னால் படுத்துவிடுவார்கள். தாவீது யூனியன் செகரட்டரி, முதல் ஆளாகப் படுப்பான். ஆகவே ஷிப்ட் முடிந்த கையோடு எல்லோரையும் ஓரிடத்தில் உட்கார்த்தி வைக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

சாக்கை வானமே கொடுத்தது. அது தொண்ணூற்றொன்று ஜூன். வெள்ளி, செவ்வாய், வியாழன் மூன்றும் மேற்கே நாளுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தன. மே மாதக் குண்டுவெடிப்புக்கு அப்புறம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஜனங்கள் ஏற்கெனவே அரண்டு போயிருந்தார்கள். மூன்று கிரகமும் கூடினால் இன்னும் என்னென்ன ஆகுமோ என்று டீக்கடையெல்லாம் இதே பேச்சு. மெட்ராஸில் சன்யால் என்று ஒரு ரிட்டயர்டு விஞ்ஞானி, கல்கத்தாக்காரர், ஸ்லைடு புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சாதாரண மனிதர்களுக்கு விண்வெளியைப் பற்றிச் சொல்கிறவர். தொழிற்சாலையில் பேச வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. அதுவரை ஏனென்று கேட்காத முதலாளி திடீரென்று கார் அனுப்பி அவரை அழைத்து வந்தார். பஜ்ஜியும் கேசரியும் போடச் சொன்னார். பாவம், அந்தப் பெரியவருக்கு ஒன்றும் தெரியாது.

புருஷோத்தமனுக்கு எல்லாம் தெரியும். டைம் ஆபீஸ் குமாஸ்தாவான அவனுக்கு ஓசூரில் ஆபீசர் வேலை என்று ஜி.எம். வாக்குக் கொடுத்திருந்தார். "ஒரு வார்த்தை கசிஞ்சாலும் நீயும் அவங்களோட ரோட்லதான்" என்றும் அதே மூச்சில் சொல்லியிருந்தார். இவன் தலையாட்டினான். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவனுடைய பென்னலூர்க்காரர்கள். மூன்றாவது வரிசையில் பேக்கிங் செக்‌ஷன் பாப்பம்மாள், அவன் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. மாமா செத்த வருஷம் அவன்தான் அவளை இங்கே சேர்த்துவிட்டான். அண்ணன் மகன் மைக் பிடித்து இங்கிலீஷ்காரருக்குச் சமமாக நிற்கிறான் என்று அவள் பக்கத்தில் இருந்தவளை இடித்து இடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க அவனுக்குச் சகிக்கவில்லை.

ஸ்லைடு தெரிய வேண்டும் என்று ஜன்னலெல்லாம் சாத்தி, வாசல் ஷட்டரையும் இறக்கியிருந்தார்கள். ஜூன் மாசத்துப் புழுக்கம். மின்விசிறி சூட்டையே எடுத்துச் சூட்டையே கொடுத்தது. புருஷோத்தமனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. புரொஜெக்டர் இரைச்சலுக்கு நடுவே, பின்பக்கத்திலிருந்து டை ஏற்றுகிற செயின் புல்லி கடகடவென்று இறங்கும் சத்தம் அவன் காதுக்கு மட்டும் தனியாகக் கேட்டது. கேட்கும் போதெல்லாம் மைக்கில் குரலை உயர்த்தினான்.

சன்யால் நன்றாகத்தான் பேசினார். மூன்று கிரகமும் ஒன்றையொன்று தொடவே தொடாது. வெள்ளி எங்கேயோ, வியாழன் எங்கேயோ. நாம் நிற்கிற இடத்திலிருந்து ஒரே திசையில் இருப்பதால் கூடி நிற்கிற மாதிரித் தோன்றுகிறது என்றார். இதை இரண்டு வரியில் முடித்தார். புருஷோத்தமன் பென்னலூர் விலக்கில் ஒரு சைக்கிளை நிறுத்தினான், அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு பஸ்ஸை வரவிட்டான், அதற்கும் பின்னால் சுங்குவார்சத்திரத்தில் ஒரு விளக்கை ஏற்றினான். மூன்று வெளிச்சமும் இருட்டில் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால் சைக்கிள்காரனும் பஸ் டிரைவரும் சொந்தக்காரர்களா என்று கேட்டான். கைதட்டினார்கள். நன்றாகப் பேச வருகிறதே என்று ஒரு கணம் அவனுக்கே சந்தோஷமாக இருந்தது. உடனே தன்மேலேயே அருவருப்பு வந்தது.

ஏழு மணிக்குக் கடைசி ஸ்லைடு முடிந்தது. சன்யால் கையைத் துடைத்துக்கொண்டு, "படம் பார்த்தது போதும். அசல் வெளியே காத்துக்கொண்டிருக்கிறது. வாருங்கள், எல்லோரும் போய்ப் பார்க்கலாம்" என்றார்.

புருஷோத்தமன் மைக்கைப் பிடித்தபடி நின்றான். அதுவரை சொன்னதெல்லாம் நீட்டிச் சொன்னது, பொய்யில்லை. இப்போதுதான் முதல் பொய் சொன்னான். "சந்தேகம் இருந்தா கேக்கச் சொல்றாரு. எல்லாத்தையும் கேட்டு முடிச்சப்புறம்தான் வெளிய கூட்டிகினு போய்க் காட்டுவாராம்."

யாரும் எழுந்திருக்காததைப் பார்த்துச் சன்யால் குழம்பினார். ஆனால் நாலைந்து கைகள் உயர்ந்ததும் குழந்தை மாதிரி மலர்ந்து போனார். அங்கே காற்று உண்டா, தண்ணி உண்டா என்று கேட்டார்கள். போனால் திரும்பி வர முடியுமா என்று தாவீது கேட்டான். ஒவ்வொன்றுக்கும் பெரியவர் பொறுமையாகப் பதில் சொன்னார். பாப்பம்மாள் கூச்சப்பட்டுக்கொண்டே எழுந்தாள்.

"மூணும் சேந்தா சோத்துக்கு வழியில்லாம பூடும்னு சொல்றாங்களே. நம்ம கம்பெனிக்கு ஏதாச்சும் கெடுதல் வருமான்னு கேளு புருசு."

கேட்டான். சன்யால் சிரிக்கவில்லை. இரண்டடி முன்னால் வந்து அவளைப் பார்த்தே பதில் சொன்னார். "அம்மா, அந்த வெளிச்சங்களால் உங்கள் பிழைப்பை ஒன்றும் செய்ய முடியாது. நிம்மதியாகத் தூங்குங்கள்."

புருஷோத்தமன் அத்தையின் பக்கம் திரும்பினான். "அங்கேர்ந்து ஒரு கெடுதலும் வராதாம் அத்த" என்றான். அன்று மாலை அவன் நீட்டாமல் சொன்னது அது ஒன்றுதான். பாப்பம்மாள் கைகளைக் கூப்பி அந்தப் பெரியவரைக் கும்பிட்டாள்.

சன்யாலுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படிக் கேட்கிற கூட்டத்தைப் பார்த்ததில்லை என்றார். அடுத்த மாதம் டெலஸ்கோப்போடு வரலாமா, இவர்களுக்கு இஷ்டமா என்று கேட்கச் சொன்னார். புருஷோத்தமன் அதையும் கேட்டான்.

"தாராளமா வரச்சொல்லு" என்றாள் பாப்பம்மாள். "நாங்க எங்க பூடப் போறோம்? இங்கதான கீறோம்."

ஆமாம் ஆமாம் என்று கூட்டமே சொன்னது. சன்யால் புருஷோத்தமன் முகத்தைப் பார்த்தார். இதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான். புருஷோத்தமன் வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தபோது தமிழ்தான் வந்தது.

"தாவீது, பின்கேட்டுல லாரி நிக்குது. டை எல்லாத்தையும் ஓசூருக்கு ஏத்திகினு கீறாங்க. உங்கள இங்க உக்கார வெக்கத்தான் இந்தக் கூட்டம். எனக்கு மத்தியானமே தெரியும்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. புரொஜெக்டரை யாரோ அணைத்தார்கள். அப்போதுதான் செயின் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

நாற்காலிகள் உருண்டன. தாவீது இரண்டு பேரோடு போய் ஷட்டரைத் தூக்கினான். அரை விரல்கூட எழும்பவில்லை, வெளியே பூட்டு. சமையல்கட்டுப் பக்கம் ஓடியவர்கள் அங்கேயும் அப்படித்தான் என்று கத்தினார்கள். ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பி. என்ன ஆயிற்று, என்ன சொல்கிறார்கள் என்று சன்யால் ஒவ்வொருவரின் கையையும் பிடித்து இங்கிலீஷில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வழி விடுங்க" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு புருஷோத்தமன் ஷட்டரிடம் போனான். "எனக்குத் தொறப்பாங்க." ஒதுங்கி வழிவிட்டார்கள். தாவீது அவனை அடிக்க ஓங்கிய கையைக் கூடக் கீழே இறக்கினான். புருஷோத்தமன் இரண்டு கையாலும் ஷட்டரைத் தட்டினான்.

"யாரு வெளிய? அப்பாவுவா? நான் புருஷோத்தமன். தொற."

வாட்ச்மேன் அப்பாவுவின் பூட்ஸ் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. "எட்டு மணிக்குத்தான் தொறக்கச் சொல்லிகிறாரு சார், ஜி.எம்."

"அது லேபருக்குய்யா. நான் ஆபீஸ் ஆளு. எனக்கு மட்டும் தொற."

உள்ளே நூறு பேரும் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, புருஷோத்தமனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பின்பக்கம் லாரி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. அப்பாவு தகரத்துக்கு மிகப் பக்கத்தில் வாயை வைத்துத் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"நானும் கேட்டேன் சார். புருஷோத்தமன் சாரு உள்ள கீறாரே, அவரு வந்தா இன்னா பண்றதுன்னு. 'அவனும் அவங்கள்ல ஒருத்தன்தானே மேன், பூட்டு'ன்னாரு."